ஊட்டிக்குப் பல்லக்கில் வந்த மெக்காலே

1834-ம் ஆண்டு ஜூன் மாதம். சென்னைக் கடற்கரையில் ஒரு வெள்ளைக்காரர் வந்து இறங்கினார். வயது 33. கல்யாணம் ஆகாதவர். மூன்று வயதிலேயே புத்தகமும் கையுமாகத் திரிந்தவர். தகப்பனார், அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் பாடுபட்டவர். அவர்தான் தாமஸ் பாபிங்டன் மெக்காலே.

இந்தியாவுக்குச் சட்டம் எழுத வந்தவர் அவர். கவர்னர் ஜெனரல் பென்டிங் பிரபு அப்போது ஊட்டியில் தங்கியிருந்தார். எனவே மெக்காலேயும் மலைக்குப் புறப்பட்டார். அப்போது ரெயில் ஏது? பெங்களூர், மைசூர் வழியாகப் பல்லக்குப் பயணம். சுமார் 400 மைல் தூரம் ஆட்கள் அவரைத் தோளில் சுமந்தார்கள்.

ஊட்டியில் ஓயாத மழை. செப்டம்பர் வரை அங்கே இருந்துவிட்டு, கல்கத்தா போய்ச் சேர்ந்தார்.

குழந்தை செய்தால் குற்றமா?

நமது மொழிகளின் அருமையை அவர் அறியவில்லை. 1835-ல் அவர் எழுதிய கல்விக் குறிப்பு இன்றும் கண்டிக்கப்படுகிறது. ஆனால் சட்டத்தில் அவர் கை தேர்ந்தது. சட்டக் கமிஷனில் மற்றவர்கள் நோயில் படுக்க, பெரும்பாலான வேலையை அவரே செய்தார். 1837-ல் குற்றச் சட்ட நகல் தயாரானது.

ஏழு வயது நிரம்பாத குழந்தை எதைச் செய்தாலும் குற்றம் ஆகாது என்று விதி வந்தது. ஏழுக்கு மேல், பன்னிரண்டுக்குள்?

பத்து வயதுப் பையன் ஒருவன் வைக்கோல் போருக்குத் தீ வைத்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். விளைவை அறியும் பக்குவம் அவனுக்கு உண்டா என்று நீதிபதி பார்க்கவேண்டும். பக்குவம் இல்லையென்றால் அது குற்றம் அல்ல.

பன்னிரண்டு தாண்டினால்? பெரியவர்களுக்கு உள்ள அதே பிரிவுதான்!

கட்டப்பட்ட கை

சட்டம் 1860-ல் நிறைவேறி, 1862-ல் அமலுக்கு வந்தது. திருட்டுக்கு அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. குறைந்தபட்சம் இல்லை. ஒரு நாளா, மூன்று ஆண்டா என்பது நீதிபதியின் கையில். ஆனால் கொலை ஆயுதத்தைப் பயன்படுத்திக் கொள்ளையடித்தால் 7 ஆண்டுக்குக் குறையக் கூடாது. அங்கே நீதிபதியின் கை கட்டப்பட்டுவிட்டது. ஆயுள் கைதி கொலை செய்தால் தூக்கு ஒன்றே தண்டனை. இந்தப் பிரிவை 1983-ல் சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்தது.

சட்டம் பிறந்ததை மெக்காலே பார்க்கவில்லை. 1859 டிசம்பர் 28-ந் தேதி லண்டனில் கண்ணை மூடினார்.

அதே கேள்வி

பிள்ளைகளின் நிலை மெல்ல மாறியது. சென்னை மாகாணத்தில் 1920-ல் சிறுவர் சட்டம் வந்தது. 2000-ம் ஆண்டுச் சட்டம், 18 வயது வரை சிறுவர் என்றது. 2015-ல் மற்றொரு மாறுதல். குறைந்தபட்சமே 7 ஆண்டு என்று விதிக்கப்பட்ட கொடிய குற்றத்தை 16 வயது நிரம்பிய பையன் செய்தால், பெரியவரைப்போல விசாரிக்கவும் வழி ஏற்பட்டது. அதற்கு முன்பு சிறுவர் நீதிக் குழுமம் அவனது மனநிலையையும் பக்குவத்தையும் ஆராயவேண்டும்.

2024 ஜூலையில் மெக்காலே சட்டம் விலகி, புதிய சட்டம் வந்தது. ஏழு வயது, பன்னிரண்டு வயது விதிகள் அப்படியே இருக்கின்றன.

பல்லக்கில் வந்தவர் போய்விட்டார். செய்தது என்ன என்று மட்டும் பாராமல், செய்த பிள்ளைக்கு அது புரிந்ததா என்றும் பார்க்கும் கடமை நீதிபதிக்கு இன்றும் இருக்கிறது.