26 வயதில் சொந்த ரேஸிங் அணி... 32 வயதில் மரணம்! யார் இந்த புரூஸ் மெக்லாரன்?

ஃபார்முலா 1-ல் புதுசா ஒரு அணி ஆரம்பிப்பது இன்றைக்கு எவ்வளவு பெரிய வேலை தெரியுமா? கேடிலாக் அணியையே எடுத்துக்கொள்ளலாம். ஜெனரல் மோட்டார்ஸ் மாதிரியான பெரிய நிறுவனம் பின்னால் நின்றும், முதலில் போட்ட விண்ணப்பம் 2024 ஜனவரியில் நிராகரிக்கப்பட்டது. 11-வது அணியாக இறுதி அனுமதி கிடைக்க 2025 மார்ச் வரை ஆனது.

ஆனால் 60 வருஷத்துக்கு முன்னால், கையில் பெரிய காசு இல்லாமல், ஒரு ஷெட்டில் நாலைந்து பேரை வைத்துக்கொண்டு அணி ஆரம்பித்தவர் ஒருவர் இருக்கிறார். அந்த அணி இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஃபெராரிக்கு அடுத்து ஃபார்முலா 1-ன் மிகப் பழைய அணி அதுதான். பெயர், மெக்லாரன். ஆரம்பித்தவர் புரூஸ் மெக்லாரன். அவருடைய கதையைப் பார்க்கலாம்.

படுக்கையில் கழிந்த 2 வருடங்கள்

புரூஸ் மெக்லாரன் பிறந்தது 1937 ஆகஸ்ட் 30. ஊர், நியூசிலாந்தின் ஆக்லாந்து. அப்பா லெஸ் மெக்லாரன் பெட்ரோல் பங்க்கும் அதோடு சேர்ந்த ஒர்க்‌ஷாப்பும் நடத்தி வந்தார். கிரீஸ் வாசனையும் ஸ்பேனர் சத்தமுமாகத்தான் புரூஸ் வளர்ந்தார்.

9 வயதில் பெரிய அடி விழுந்தது. இடுப்பு எலும்பைப் பாதிக்கும் பெர்தீஸ் என்ற நோய் அவருக்கு வந்தது. குழந்தைகளுக்கான மருத்துவ இல்லம் ஒன்றில், கால்களைக் கட்டி இழுத்து வைத்த நிலையில், கிட்டத்தட்ட 2 வருடம் படுத்தே கிடந்தார். எழுந்து நடக்கத் தொடங்கியபோது இடது கால் வலது காலைவிடக் குட்டையாகிவிட்டது. அந்த நொண்டல் கடைசி வரை போகவில்லை.

ஓடி ஆடும் விளையாட்டு இனி கிடையாது. ஆனால் கார் ஓட்ட அந்தக் கால் போதும். அப்பா வாங்கிய பழைய ஆஸ்டின் 7 காரைக் கழற்றி மாட்டிக் கற்றுக்கொண்டார். 15 வயதுக்குள் அதே காரில் மலைப்பாதைப் பந்தயத்தில் கலந்துகொண்டார். பிறகு இன்ஜினீயரிங் படிக்கப் போனார். காரை ஓட்டவும் தெரியும், அது ஏன் ஓடுகிறது என்றும் தெரியும். பின்னாளில் அவரைத் தூக்கி நிறுத்தியது இந்த இரண்டும்தான்.

ஐரோப்பாவுக்குக் கிடைத்த டிக்கெட்

1958-ல் நியூசிலாந்து கிராண்ட் பிரீ அமைப்பு, திறமையான ஒரு இளம் வீரரை ஐரோப்பாவுக்கு அனுப்பும் திட்டத்தைத் தொடங்கியது. அதில் முதல் ஆளாகத் தேர்வானவர் புரூஸ். ஆஸ்திரேலிய வீரர் ஜாக் பிரபாம் அவருக்கு அண்ணன் மாதிரி வழிகாட்டினார். அவர் மூலமாக இங்கிலாந்தின் கூப்பர் அணியோடு தொடர்பு கிடைத்தது.

அதே வருஷம் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் ஃபார்முலா 2 காரில் இறங்கினார். ஃபார்முலா 1 கார்களும் சேர்ந்து ஓடிய அந்தப் பந்தயத்தில் மொத்தத்தில் 5-வது இடம். யார் இந்தப் பையன் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

1959 டிசம்பர் 12. அமெரிக்காவின் செப்ரிங்கில் அந்த சீசனின் கடைசிப் பந்தயம். கடைசிச் சுற்றில் முன்னால் போய்க்கொண்டிருந்த பிரபாமுக்கு பெட்ரோல் தீர்ந்துவிட்டது. பின்னால் வந்த புரூஸ் ஜெயித்தார். பிரபாம் காரைத் தள்ளிக்கொண்டே வந்து 4-வது இடம் பிடித்து உலக சாம்பியன் ஆனார். அப்போது புரூஸுக்கு வயது 22. இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால், கிராண்ட் பிரீ ஜெயித்த மிக இளம் வீரர் அவர்தான். அந்தச் சாதனையை 2003-ல் ஃபெர்னாண்டோ அலோன்சோதான் முறியடித்தார்.

1960-ல் உலக சாம்பியன்ஷிப்பில் 2-வது இடம். 1962-ல் மொனாக்கோ வெற்றி. ஆள் செட்டில் ஆகிவிட்டார் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

நல்ல வேலையை விட்டு ஏன் சொந்த அணி?

1961 முடிவில் பிரபாம் கூப்பரை விட்டு விலகி சொந்த அணி ஆரம்பித்தார். அதன்பிறகு கூப்பரின் முதல் வீரர் புரூஸ்தான். ஆனால் அணி மெல்ல மெல்லப் பின்தங்க ஆரம்பித்தது.

நியூசிலாந்து, ஆஸ்திரேலியாவில் நடக்கும் டாஸ்மன் தொடருக்கு ஏற்ற மாதிரி கார்களைத் தயார் செய்யலாம் என்றார் புரூஸ். நிறுவனர் சார்லஸ் கூப்பர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. சரி, நாமே செய்துவிடலாம் என்று முடிவெடுத்தார் புரூஸ். 1963 செப்டம்பர் 2 அன்று புரூஸ் மெக்லாரன் மோட்டார் ரேஸிங் என்ற நிறுவனம் உருவானது. ஃபார்முலா 1-ல் கூப்பருக்கு ஓட்டிக்கொண்டேதான் இதையும் நடத்தினார்.

கூட இருந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். அமெரிக்காவிலிருந்து வந்த வீரர் டிம்மி மேயர், நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்ட அவருடைய அண்ணன் டெடி மேயர், மெக்கானிக்குகள் டைலர் அலெக்சாண்டர், வாலி வில்மாட். லண்டன் பக்கத்தில் நியூ மால்டனில் ஒரு ஷெட்தான் முதல் ஒர்க்‌ஷாப். அணியின் சின்னம், நியூசிலாந்தின் கிவி பறவை.

முதல் டாஸ்மன் தொடரையே புரூஸ் ஜெயித்தார். ஆனால் கொண்டாட முடியவில்லை. 1964 பிப்ரவரி 28 அன்று, டாஸ்மேனியாவின் லாங்ஃபோர்டில் பயிற்சியின்போது நடந்த விபத்தில் டிம்மி மேயர் இறந்துபோனார். அணி ஆரம்பித்து ஆறு மாதம்கூட முடியவில்லை. தம்பியை இழந்த டெடி மேயர் அணியை விட்டுப் போகவில்லை. இது பின்னால் எவ்வளவு முக்கியமாக ஆனது என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

பணம் எங்கிருந்து வந்தது?

இன்றைக்கு மாதிரி டிவி உரிமைப் பணம் கிடையாது. காரில் விளம்பரம் ஒட்டி சம்பாதிக்கும் பழக்கமும் அப்போது ஃபார்முலா 1-ல் வரவில்லை. அதனால் புரூஸ் நேராக ஃபார்முலா 1 காரில் கை வைக்கவில்லை. முதலில் ஸ்போர்ட்ஸ் கார் செய்தார். 1964-ல் வந்த எம்1ஏ நன்றாக ஓடியது. அதே காரை எல்வா என்ற நிறுவனம் தயாரித்து மற்ற வீரர்களுக்கு விற்றது. ஃபோர்டு நிறுவனத்தின் ஜிடி40 காரை ஓட்டிச் சோதிக்கும் வேலையும் புரூஸுக்கு இருந்தது.

அந்த ஃபோர்டு வேலைதான் 1966-ல் லே மான் 24 மணி நேரப் பந்தய வெற்றியையும் கொடுத்தது. ஃபோர்டு வெர்சஸ் ஃபெராரி படம் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஃபோர்டு கார்கள் ஒன்றாகக் கோட்டைத் தாண்டும். ஆனால் தொடக்கத்தில் கொஞ்சம் பின்னாலிருந்து கிளம்பியதால் அதிக தூரம் ஓடிய கார் என்று சொல்லி, கென் மைல்ஸ் காருக்குப் பதில் இன்னொரு கார் ஜெயித்ததாக அறிவிப்பார்கள். அந்தக் காரை ஓட்டியவர்கள் புரூஸ் மெக்லாரனும் கிறிஸ் ஆமனும்தான்.

மொனாக்கோவில் 9 சுற்று... அவ்வளவுதான்!

1966-ல் ஃபார்முலா 1 விதி மாறியது. எஞ்சின் அளவு 1.5 லிட்டரிலிருந்து 3 லிட்டராக உயர்ந்தது. எல்லா அணிகளுக்கும் புது எஞ்சின் தேவை. புதிதாக நுழைய இதுதான் சரியான நேரம். ஆனால் சிக்கலும் அங்கேயேதான் இருந்தது. நல்ல எஞ்சின் கடையில் கிடைக்கிற பொருள் இல்லையே!

கான்கார்ட் விமானத் திட்டத்தில் வேலை பார்த்த இளம் இன்ஜினீயர் ராபின் ஹெர்ட் காரை வடிவமைத்தார். இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே லேசான பால்சா மரத்தை வைத்து ஒட்டிய மாலைட் என்ற பொருளில் எம்2பி கார் உருவானது. கார் உறுதி. எஞ்சின்தான் காலை வாரியது. இண்டியானாபொலிஸ் பந்தயத்துக்காக ஃபோர்டு செய்த 4.2 லிட்டர் வி8 எஞ்சினை 3 லிட்டராகக் குறைத்துப் பொருத்தினார்கள். எடை அதிகம், சத்தம் அதைவிட அதிகம், வேகம் மட்டும் கம்மி.

1966 மே 22, மொனாக்கோ. மெக்லாரன் அணியின் முதல் ஃபார்முலா 1 பந்தயம். 9 சுற்றுகளில் ஆயில் கசிந்து கார் நின்றுவிட்டது. பிறகு செரெனிசிமா என்ற இத்தாலிய எஞ்சினைப் பொருத்தி, பிரிட்டனில் 6-வது இடம் பிடித்தார் புரூஸ். அதுதான் அணியின் முதல் புள்ளி. அந்த சீசன் முழுக்கச் சேர்த்தும் 3 புள்ளிதான்.

தோல்வியிலிருந்து எழுந்தது எப்படி?

கைகொடுத்தது வட அமெரிக்காவின் கான்-ஆம் தொடர். பரிசுத் தொகை அதிகம், விதிகள் குறைவு. 1967-ல் ஆரஞ்சு நிறக் கார்களோடு புரூஸும் சக நியூசிலாந்துக்காரர் டென்னி ஹல்மும் இறங்கினார்கள். 6 பந்தயத்தில் 5 வெற்றி. புரூஸ் சாம்பியன். 1969-ல் நடந்த 11 பந்தயங்களையும் மெக்லாரன் கார்களே ஜெயித்தன. பப்பாளி ஆரஞ்சு என்று இன்றும் ரசிகர்கள் கொண்டாடும் நிறம் அங்கிருந்து வந்ததுதான்.

1968-ல் காஸ்வொர்த் டிஎஃப்வி என்ற அருமையான எஞ்சின் ஃபார்முலா 1-ல் கிடைத்தது. ஜூன் 9, பெல்ஜியத்தின் ஸ்பா. கடைசிக் கட்டத்தில் ஜாக்கி ஸ்டீவர்ட் பெட்ரோலுக்காக உள்ளே போக, புரூஸ் முன்னேறினார். தான் 2-வது என்று நினைத்தே கோட்டைத் தாண்டினார். ஜெயித்த விஷயம் பிறகுதான் தெரிந்தது. பிரபாம், டான் கர்னிக்குப் பிறகு, சொந்தமாக உருவாக்கிய காரில் கிராண்ட் பிரீ ஜெயித்த மூன்றாவது வீரர் அவர்.

1970 ஜூன் 2

இங்கிலாந்தின் குட்வுட் டிராக். அடுத்த கான்-ஆம் சீசனுக்கான எம்8டி காரை புரூஸ் சோதித்துக்கொண்டிருந்தார். ஆளில்லாத டிராக், வழக்கமான வேலை. வேகமாகப் போகும்போது காரின் பின்பக்க மூடி பிய்த்துக்கொண்டு போனது. காரைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும் காற்றழுத்தம் ஒரே நொடியில் போய்விட்டது. கட்டுப்பாட்டை இழந்த கார், டிராக் ஓரத்தில் இருந்த கட்டுமானத்தில் மோதியது. புரூஸ் அங்கேயே இறந்தார். வயது 32. வீட்டில் மனைவியும் 4 வயது மகளும் இருந்தார்கள்.

பிறகு அணி என்ன ஆனது?

முதலாளி, முதன்மை வீரர், காரைச் சோதிப்பவர் எல்லாமே ஒரே ஆள். அவரே போய்விட்டார். டென்னி ஹல்மோ மே மாதம் இண்டியானாபொலிஸில் ஏற்பட்ட தீயில் இரண்டு கைகளும் வெந்துபோய் இருந்தார். அணியை மூடியிருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஊழியர்களுக்கு விடுப்பு தரப்பட்டது. ஆனால் மறுநாள் காலையில் எல்லோரும் ஒர்க்‌ஷாப்புக்கு வந்துவிட்டார்கள். 12 நாள் கழித்து கனடாவில் கான்-ஆம் முதல் பந்தயம். புரூஸின் இடத்தில் டான் கர்னி ஓட்டி ஜெயித்தார். கட்டுப் போட்ட கைகளோடு ஓட்டிய ஹல்ம் 3-வது. அந்த சீசன் சாம்பியனும் ஹல்ம்தான்.

அணியைக் கையில் எடுத்தது டெடி மேயர். 6 வருஷத்துக்கு முன் தம்பியை இதே அணியில் பறிகொடுத்தவர். 1974-ல் எமர்சன் ஃபிட்டிபால்டி மூலம் முதல் உலகப் பட்டமும், அணிகளுக்கான முதல் பட்டமும் வந்தன. 1976-ல் ஜேம்ஸ் ஹண்ட், பிறகு லாடா, ப்ரோஸ்ட், சென்னா, ஹக்கினென், ஹாமில்டன் என வரிசை நீண்டது. 2024-ல், 26 வருடங்களுக்குப் பிறகு அணிகளுக்கான பட்டம் மீண்டும் மெக்லாரனுக்கு வந்தது.

புரூஸுக்கு வாழ்வு கொடுத்த கூப்பர் அணி 1960-களோடு ஃபார்முலா 1-லிருந்து மறைந்துவிட்டது. டான் கர்னியின் ஈகிள் ஒரே ஒரு கிராண்ட் பிரீ வெற்றியோடு வெளியேறியது. பிரபாம் அணி 1992-ல் நின்றது. மெக்லாரன் மட்டும் எப்படித் தப்பியது? நிர்வாகத்துக்கு ஒருவர், ஒர்க்‌ஷாப்புக்கு ஒருவர், ஓட்ட ஒருவர், கூடவே கான்-ஆம் வருமானம் என அணி பல கால்களில் நின்றது. 7 வருஷத்தில் புரூஸ் கட்டி வைத்தது அதைத்தான். தன் பெயரில் தொடங்கிய அணியை, தான் இல்லாமலும் நடக்கிற மாதிரி விட்டுப் போனார். ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தவரின் பெயர்தான் இன்றைக்கும் ஒவ்வொரு கிராண்ட் பிரீயிலும் ஓடிக்கொண்டிருக்கிறது.