கடிவாளத்தைத் தளர்த்திய கரம்

பத்தாம் வகுப்பு மாணவி

முன்னுரை

விலங்குகளை 'வாயில்லா ஜீவன்கள்' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். குதிரைக்கு வாய் உண்டு. ஆனால் அந்த வாயில்தான் மனிதன் இரும்பை மாட்டினான். இரும்பில் வாரைக் கோத்து இழுத்தான். மற்றொரு கையில் சவுக்கையும் எடுத்துக்கொண்டான். தன் வலியை எடுத்துச் சொல்லக் குதிரையால் முடியவில்லை. அந்தக் குதிரையே தன் வாழ்க்கைக் கதையைச் சொல்வதுபோல ஒரே ஒரு நூலை எழுதி அழியாப் புகழ் பெற்றவர் இங்கிலாந்து நாட்டு மாதரசி அன்னா சூவெல் அம்மையார். நூலின் பெயர் 'பிளாக் பியூட்டி'.

எட்டாம் வகுப்பு விடுமுறையில் அந்நூலின் சுருக்கப் பதிப்பைப் படித்தேன். ஜிஞ்சர் என்னும் குதிரை இறக்கும் இடத்தில் கண்ணீர் விட்டு அழுதேன். எழுதியவர் யார் என்று அப்பொழுது நான் எண்ணிப் பார்க்கவில்லை. பின்னர் அவரது வாழ்க்கையை அறிந்தபோது, அது அந்தக் கதையைவிட என் மனத்தைத் தொட்டது. அதனையே என் அன்புத் தோழியருடன் இங்குப் பகிர்ந்துகொள்கிறேன்.

இளமைப் பருவம்

அன்னா 1820ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 30ஆம் நாள் இங்கிலாந்தின் நார்போக் மாவட்டத்தில், கடற்கரை ஊரான கிரேட் யார்மத்தில் பிறந்தார். தந்தை ஐசக், தாய் மேரி. பிலிப் என்னும் தம்பி ஒருவர் உண்டு. எளிமையையும் இரக்கத்தையும் பெரிதாகப் போற்றும் குவேக்கர் என்னும் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த குடும்பம் அது. தந்தையின் வணிகம் நலிந்ததால் வீட்டில் செல்வம் இல்லை. பள்ளிக்கு அனுப்ப வசதி இல்லாத அந்நாளில் தாயே பிள்ளைகளுக்கு ஆசிரியை ஆனார். எந்த உயிருக்கும் துன்பம் செய்யலாகாது என்பதே அவர் கற்பித்த முதற் பாடம்.

அன்னா சிறுமியாக இருந்தபோது ஒரு மனிதன் சுட்ட பறவை அவர்கள் தோட்டத்தில் வந்து விழுந்ததாம். அதைக் கேட்டு அவன் வாசலுக்கு வந்தபோது, சிறுமி அவனைக் கொடியவன் என்று கண்டித்துப் பறவையைத் தர மறுத்துவிட்டாளாம். பக்ஸ்டன் என்னும் கிராமத்தில் தாய்வழி உறவினரின் பண்ணை இருந்தது. அங்கே சென்று தங்கும் நாட்களில் அன்னா குதிரைச் சவாரி கற்றுக்கொண்டார்.

பதினான்கு வயதில் வந்த துன்பம்

அன்னாவுக்குப் பன்னிரண்டு வயதானபோது குடும்பம் லண்டனை அடுத்த ஸ்டோக் நியூவிங்டனில் குடியேறியது. அங்கேதான் அவர் முதன்முதலாகப் பள்ளிக்குச் சென்றார். அந்த மகிழ்ச்சி நெடுநாள் நிலைக்கவில்லை. பதினான்கு வயதில் ஒருநாள் பள்ளி விட்டு மழையில் வீடு திரும்பும்போது கால் வழுக்கி விழுந்தார். இரண்டு கணுக்கால்களிலும் பலத்த அடி. அக்கால மருத்துவம் அவற்றைக் குணப்படுத்தவில்லை. சிகிச்சை தவறானதாகவே இருந்திருக்கலாம் என்றும் பலர் கருதுகின்றனர். அன்று முதல் வாழ்நாள் முழுவதும் அவரால் நெடுந்தூரம் நடக்கவோ, ஊன்றுகோல் இன்றி நிற்கவோ இயலவில்லை.

எனக்கு இப்பொழுது வயது பதினைந்து. மணி அடித்ததும் மழை என்றும் பாராமல் வாசலை நோக்கி ஓடுபவள்தான் நானும். ஒரே ஒரு வழுக்கலில் ஒரு வாழ்க்கையின் பாதையே மாறிவிடும் என்பதை நினைக்கும்போது நெஞ்சு திடுக்கிடுகிறது.

குதிரையின் கால்களே தன் கால்கள்

கால்களை இழந்தவள்போல் ஆன அந்தப் பெண்ணுக்குக் கால்களாக வந்தவை குதிரைகள். 1845ஆம் ஆண்டு குடும்பம் லான்சிங் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. வேலைக்குச் செல்லும் தந்தையைச் சிறு குதிரை வண்டியில் ரயில் நிலையத்தில் கொண்டுபோய் விடுவதும், திரும்ப அழைத்து வருவதும் அன்னாவின் பொறுப்பாயிற்று.

அவர் வண்டி ஓட்டிய விதமே தனி. அவருடன் பயணம் செய்த ஒரு குடும்ப நண்பர் அதனைப் பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். வாரைச் சும்மா கையில் வைத்திருப்பதுபோலத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, குரலினாலேயே குதிரையை நடத்துவாராம். மேட்டில் ஏறும்போது ஊக்கம் தருவாராம். ஒரு தோழியோடு பேசுவதுபோல் வழியெல்லாம் குதிரையோடு பேசிக்கொண்டு போவாராம்.

வாரும் சவுக்கும்

இவ்விடத்தில் கடிவாளத்தைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வது நல்லது. குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல் இல்லாத ஈறு இருக்கிறது. கடிவாள இரும்பு அங்கேதான் படுகிறது. அது மிக மென்மையான இடம். ஆகவே நல்ல சவாரிக்காரர் வாரை லேசாகத் தொட்டாலே குதிரை அதன் பொருளைப் புரிந்துகொள்ளும். சவுக்கும் அப்படியே. தேர்ந்த ஓட்டியின் கையில் அது ஒரு சைகைக் கோல். கோபக்காரனின் கையில் அது தண்டனைக் கருவி.

ஆனால் அன்றைய இங்கிலாந்தில் மற்றொரு வார் இருந்தது. கடிவாள இரும்பிலிருந்து கன்னத்தின் பக்கமாக மேலேறி, முதுகுச் சேணத்தில் உள்ள கொக்கியில் இறுக மாட்டப்படும் வார் அது. குதிரை எந்நேரமும் தலையை உயர்த்தி, கழுத்தை வளைத்துக் கம்பீரமாக நிற்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். சீமான்களும் சீமாட்டிகளும் அதை அழகு என்று எண்ணினர். அந்த அழகுக்கு விலை கொடுத்தது குதிரை. தலையைத் தாழ்த்த முடியாததால் மேட்டில் பாரம் இழுக்கும்போது உடலின் முழு வலிமையையும் செலுத்த அதனால் முடியாது. மூச்சு முட்டும்; வாய் புண்ணாகும்; கழுத்தும் முதுகும் வலிக்கும்.

ஓட்டியின் கையில் உள்ள வார் இறுகினால், அதைக் கை உணரும். உணர்ந்து தளர்த்தவும் கூடும். கொக்கியில் மாட்டிய வாருக்கு உணர்வு ஏது? யாருடைய கையும் இல்லாமலே அது நாள் முழுவதும் இழுத்துக்கொண்டிருக்கும். எட்வர்டு பிளவர் என்னும் பெரியவர் இக்கொடுமையை எதிர்த்து 1875ஆம் ஆண்டு ஒரு நூலே எழுதினார். அதே காலத்தில், ஒரு வீட்டின் உள்ளே சாய்வு நாற்காலியில் படுத்தபடி அன்னாவும் எழுதிக்கொண்டிருந்தார்.

ஒரே ஒரு நூல்

அன்னாவின் தாய் மேரி எளிய மக்களுக்காகப் பாட்டுக் கதைகள் எழுதிப் பெயர் பெற்றவர். அவற்றை முதலில் படித்துத் திருத்திக் கொடுப்பவர் அன்னாவே. உழைப்பாளர்களுக்காக ஒரு கழகம் அமைக்கவும் தாய்க்கு அவர் துணை நின்றார். ஆனால் தமக்கென ஒரு நூல் எழுத அவர் துணிந்தது ஐம்பது வயதைக் கடந்த பிறகே. அப்பொழுது குடும்பம் நார்விச் நகருக்கு அருகில் ஓல்டு கேட்டன் என்னும் ஊரில் வாழ்ந்து வந்தது.

1871ஆம் ஆண்டு எழுதத் தொடங்கினார். அதற்குள் உடல்நிலை மிகவும் குன்றிவிட்டது. சில நாட்களில் பென்சிலைப் பிடிக்கவும் வலுவிராது. வலு வரும்போது சிறு சிறு தாள்களில் எழுதுவார். முடியாதபோது வாயால் சொல்லுவார். முதிய தாய் அவற்றையெல்லாம் திருத்தமாகப் படி எடுத்து வைப்பார். இவ்வாறு ஆறு ஆண்டுகளில் நூல் முடிந்தது. நார்விச்சில் இருந்த ஜாரோல்டு பதிப்பகம் 40 பவுன் கொடுத்து அதை வாங்கி, 1877 நவம்பர் 24ஆம் நாள் வெளியிட்டது.

அந்நூல் சிறுவர்களுக்காக எழுதப்பட்டதன்று என்பதை அறிந்து வியந்தேன். குதிரை லாயத்தில் வேலை செய்வோரும் வண்டி ஓட்டுவோரும் படித்து மனம் மாற வேண்டும் என்பதே ஆசிரியரின் எண்ணம். கதையில் ஒரு சீமாட்டி, ஆடம்பரத்துக்காகக் கொக்கி வாரை நாளுக்கு நாள் இறுக்கச் சொல்கிறாள். லண்டனில் வாடகை வண்டி ஓட்டும் ஜெர்ரியோ சவுக்கை மிக அரிதாகவே தொடுகிறான். வேறு சில ஓட்டிகள் குதிரையை ஓயாமல் அடிக்கிறார்கள். அவர்களை மட்டும் குற்றவாளி ஆக்கிவிட்டு ஆசிரியர் விலகிக்கொள்ளவில்லை. குதிரைக்கும் வண்டிக்கும் முதலாளியிடம் அன்றாடம் வாடகை கட்ட வேண்டிய வறுமையையும், விரைவாகப் போ என்று விரட்டும் பயணிகளின் அவசரத்தையும் காட்டுகிறார். சவுக்கைப் பிடித்த கைக்குப் பின்னால் வேறு பல கைகள் இருக்கின்றன என்பதே அதன் பொருள். இந்த நியாய உணர்வே நூலின் பெருமை என்று நான் எண்ணுகிறேன்.

மறைவும் மாற்றமும்

நூல் வெளிவந்து ஐந்தே மாதங்களில், 1878 ஏப்ரல் 25ஆம் நாள், 58ஆம் வயதில் அன்னா இறைவனடி சேர்ந்தார். இறுதி ஊர்வலத்துக்கு வந்து நின்ற குதிரைகளின் தலைகள் கொக்கி வாரினால் உயர்த்திக் கட்டப்பட்டிருந்தனவாம். அதைச் சன்னலின் வழியே கண்ட தாய் மேரி, அவ்வார்களை உடனே அவிழ்க்கச் செய்தார் என்று சொல்வார்கள். மகளின் உடலைச் சுமந்த குதிரைகள் தலை தாழ்த்தி நடந்தன. பக்ஸ்டனை அடுத்த லாமாஸ் கிராமத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

தம் எழுத்து என்ன செய்தது என்பதை அவர் முழுமையாகக் காணவில்லை. 1890ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜார்ஜ் ஏஞ்செல் என்னும் விலங்கு நேயர் அந்நூலை அச்சிட்டு, வண்டியோட்டிகளுக்கும் லாயப் பணியாளருக்கும் பெருமளவில் கிடைக்கச் செய்தார். அன்னாவைப் போலவும் பிளவரைப் போலவும் குரல் கொடுத்தவர்களின் முயற்சியால், கொக்கி வார் மாட்டும் வழக்கம் படிப்படியாகக் குறைந்தது. பிற்காலத்தில் நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டுக் கோடிக்கணக்கில் விற்பனையாயிற்று.

அவருக்கு எழுப்பிய நினைவுச் சின்னங்களும் பொருத்தமானவை. 1892ஆம் ஆண்டு அமெரிக்காவின் அன்சோனியா நகரிலும், 1917ஆம் ஆண்டு நார்விச்சிலும் அவர் நினைவாகக் குதிரைகள் தண்ணீர் குடிக்கும் கல்தொட்டிகள் அமைக்கப்பட்டன. தொட்டியில் தண்ணீர் குடிக்க வேண்டுமானால் குதிரை தலையைத் தாழ்த்த வேண்டும் அல்லவா? தலையைத் தாழ்த்தும் அந்த உரிமைக்காகத்தானே அவர் எழுதினார்!

முடிவுரை

அன்னாவிடம் செல்வம் இல்லை, பட்டம் இல்லை, நடக்கக் கால்களும் இல்லை. எழுந்து நிற்க முடியாத தம் துன்பத்தை எண்ணியே அவர் வருந்திக் கிடந்திருக்கலாம். அவரோ, தம்மைச் சுமந்த உயிரின் துன்பத்தை எண்ணினார். வலி அவரைக் கசப்புள்ளவராக ஆக்கவில்லை. பிறர் வலியை அறிபவராக ஆக்கியது.

அன்புத் தோழியரே! நம்மில் குதிரை ஓட்டுபவர் எவரும் இல்லை. ஆயினும் வீட்டில் தம்பி தங்கையர், வேலைக்கு வரும் அம்மாள், வகுப்பில் நமக்குக் கீழ்ப்படியும் சிறுமியர் என்று யாரோ ஒருவருடைய வார் நம் கையிலும் இருக்கிறது. நம் நாவே சில வேளைகளில் சவுக்காகிறது. அழகுக்காகவும் பெருமைக்காகவும் எவரையும் இறுக்கிக் கட்டாமல், அன்னாவைப் போல வாரைத் தளர்த்திப் பிடித்து, கனிவான சொல்லால் வழிநடத்தக் கற்றுக்கொள்வோமாக!