நுண்ணலையை நம்பிய இன்னொரு போஸ்

போஸ் என்றதும் சிங்கப்பூர்த் தமிழர்களின் நினைவுக்கு முதலில் வருபவர் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ்தான். 1943 ஜூலையில் பாடாங் திடலில் இந்திய தேசிய ராணுவத்தின் முன் அவர் நின்ற கதை இங்குப் பல குடும்பங்களில் இன்றும் சொல்லப்படுகிறது.

அதே வங்காள மண் தந்த இன்னொரு போஸ் இங்கு அதிகம் பேசப்படுவதில்லை. அவர் அறிவியலாளர் ஜகதீஷ் சந்திர போஸ். தேக்கா உணவங்காடியில் கைப்பேசியில் பணம் செலுத்துபவரும், ராஃபிள்ஸ் பிளேஸ் அலுவலகத்தில் கம்பி இல்லாமல் கணினியை இயக்குபவரும் பயன்படுத்துவது நுண்ணலைகளை. அந்த அலைகள் எதில் புகும், எதில் தெறிக்கும், எதில் அடங்கிப்போகும் என்பதை 130 ஆண்டுகளுக்கு முன்பே கோல்கத்தாவில் ஒரு மேசைமேல் வைத்து அளந்து பார்த்தவர் அவர்.

தாய்மொழிப் பள்ளியில் தொடக்கம்

இன்றைய பங்ளாதேஷில் உள்ள மைமென்சிங்கில் 1858 நவம்பர் 30ஆம் தேதி போஸ் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் பிரிட்டிஷ் அரசில் பொறுப்பான பதவியில் இருந்தவர். அத்தகைய வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குச் செல்வதே அன்றைய வழக்கம். ஆனால் தந்தை மகனை வங்காள மொழிப் பள்ளியில் சேர்த்தார். பிள்ளை முதலில் தன் மொழியையும் தன் மக்களையும் அறிய வேண்டும் என்பது அவரது எண்ணம்.

வகுப்பில் போஸின் ஒரு பக்கத்தில் தந்தையின் முஸ்லிம் உதவியாளரின் மகன். மறுபக்கத்தில் ஒரு மீனவரின் மகன். பறவைகள், விலங்குகள், நீர்வாழ் உயிர்கள் பற்றி அவர்கள் சொன்ன கதைகள்தான் இயற்கைமீது தமக்கு ஆர்வத்தை ஊட்டின என்று பிற்காலத்தில் போஸ் நினைவுகூர்ந்தார்.

பின்னர் கோல்கத்தாவின் செயின்ட் சேவியர் கல்லூரியில் பயின்றபோது, பாதிரியார் லஃபோன் அவருக்கு இயற்பியலில் பற்று ஏற்படுத்தினார். 1880ல் மருத்துவம் படிக்க லண்டன் சென்ற போஸ், உடல்நலக் குறைவால் அதைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜில் அறிவியல் படித்தார். அங்கு அவருக்குப் பாடம் நடத்தியவர்களில் புகழ்பெற்ற இயற்பியலாளர் ரேலி பிரபுவும் ஒருவர்.

வாங்காத சம்பளம்

1885ல் கோல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் போஸ் இயற்பியல் பேராசிரியரானார். அங்கு ஐரோப்பியருக்கு ஒரு சம்பளம், அதே வேலையைச் செய்யும் இந்தியருக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு. நியமனம் தற்காலிகமானது என்று சொல்லி, போஸுக்கு அதிலும் பாதிதான் தரப்பட்டது.

போஸ் சண்டை போடவில்லை; வேலையையும் விடவில்லை. நாள்தோறும் வகுப்பெடுத்தார், ஆனால் சம்பளத்தைத் தொடவில்லை. இப்படியே மூன்று ஆண்டுகள் போயின. தந்தையின் கடன் சுமை குடும்பத்தை அழுத்திக்கொண்டிருந்த காலம் அது. முடிவில் நிர்வாகம் இறங்கிவந்து, முதல் நாளிலிருந்து கணக்கிட்டு முழுச் சம்பளத்தையும் கொடுத்தது. அந்தப் பணம் தந்தையின் கடனை அடைக்கப் போனது.

அந்த இக்கட்டான நாள்களில்தான், 1887ல், அபலா தாஸைப் போஸ் மணந்தார். கோல்கத்தா மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்க மறுத்ததால், 1882ல் சென்னைக்கு வந்து மருத்துவம் படித்தவர் அபலா. உடல்நலம் இடம்கொடுக்காததால் படிப்பை முடிக்க முடியாமல் போனாலும், பின்னாளில் வங்காளத்தில் பெண்கல்விக்காக உழைத்துப் பெயர் பெற்றார்.

மேசைமேல் அடங்கிய ஆய்வு

ஜெர்மானியர் ஹெர்ட்ஸ் 1880களின் இறுதியில் மின்காந்த அலைகள் உண்டு என்பதை நிறுவியிருந்தார். 1894ல் அவர் இறந்தபின், அவரது பணி பற்றி ஆங்கில அறிவியலாளர் ஆலிவர் லாட்ஜ் ஆற்றிய உரை நூலாக வந்தது. அதைப் படித்த போஸ் தாமும் களத்தில் இறங்கினார்.

கல்லூரியில் அவருக்கு முறையான ஆய்வுக்கூடம் இல்லை. ஒரு சிறிய அறையும், தகர வேலை தெரிந்த உள்ளூர்த் தொழிலாளி ஒருவரின் கைத்திறனும்தான் துணை. கல்லூரி வேலை முடிந்த பிறகு ஆய்வு நடந்தது.

மற்றவர்கள் நீண்ட அலைகளை நாடியபோது, போஸ் மிகக் குறுகிய அலைகளைத் தேர்ந்தெடுத்தார். இந்த அலைகளும் ஒளியைப் போலவே நடக்கின்றனவா என்று சோதிப்பதே அவர் நோக்கம். அலை நீளமாக இருந்தால் அதைத் திருப்பவும் வளைக்கவும் தேவையான கருவி அறையையே அடைத்துவிடும். அலை குறுகினால் எல்லாம் மேசைமேல் அடங்கும். அவர் உருவாக்கியவை சுமார் 5 மில்லிமீட்டர் முதல் 25 மில்லிமீட்டர் வரை நீளமுள்ள அலைகள். இன்றைய கணக்கில் 60 முதல் 12 கிகாஹெர்ட்ஸ்.

அவற்றை ஒரு திசையில் குவிக்க கூம்பு வடிவ ஆன்டெனா, கொண்டுசெல்ல உலோகக் குழாய், வளைக்க வில்லை, அதிர்வின் திசையைப் பிரிக்க வடிகட்டி என ஒவ்வொன்றையும் தாமே செய்தார். ரயில் கால அட்டவணைப் புத்தகத்தின் பக்கங்களுக்கிடையே ஈயத்தாளைச் செருகி ஒரு வடிகட்டி ஆக்கினார். வங்காளத்தில் எங்கும் கிடைக்கும் சணலை முறுக்கிக் கட்டி, அதனூடே செல்லும் அலையின் அதிர்வுத் திசை திரும்புவதைக் காட்டினார்.

1895ல் கோல்கத்தா நகர மண்டபத்தில் பொதுமக்கள் முன் செயல்விளக்கம் நடந்தது. வங்காளத்தின் துணை ஆளுநரும் அங்கிருந்தார். அலைகள் அவர் உடலையும் இடையிலிருந்த சுவர்களையும் கடந்து, சுமார் 75 அடி தொலைவில் மணியை ஒலிக்கச் செய்து, வெடிமருந்தைப் பற்றவைத்தன. 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் தம் கருவிகளைக் கொண்டு போஸ் உரையாற்றினார்.

தூரத்தைத் தேடிய உலகம்

ஆனால் அன்றைய உலகத்துக்கு வேண்டியது தூரம். கடலில் செல்லும் கப்பலுக்குச் செய்தி போகவேண்டும், கண்டம்விட்டுக் கண்டம் தந்தி பறக்கவேண்டும். அதற்கு நீண்ட அலைகளே உதவின. இத்தாலியர் மார்க்கோனி அந்த வழியில் சென்றார். 1901 டிசம்பரில் இங்கிலாந்திலிருந்து அட்லாண்டிக் கடலைத் தாண்டிவந்த சமிக்ஞையை இன்றைய கனடாவில் உள்ள நியூஃபவுண்ட்லாந்தில் பெற்றார்.

அதைப் பெற உதவிய பாதரச உணர்கருவியின் மூலம், 1899ல் போஸ் லண்டன் ராயல் சொசைட்டியில் வெளியிட்ட கட்டுரையில் உள்ளது என்று ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின், 1998ல், அமெரிக்காவின் ஐஇஇஇ பொறியாளர் சங்க ஆய்விதழ் ஒரு கட்டுரை வெளியிட்டது.

கண்டுபிடிப்பை விற்றுப் பணமாக்குவதில் போஸுக்கு விருப்பம் இருந்ததில்லை. 1901ல் லண்டனில் ஒரு தந்தி நிறுவன முதலாளி காப்புரிமை ஒப்பந்தத்துடன் வந்தபோது மறுத்துவிட்டார். நடந்ததை நண்பர் ரவீந்திரநாத் தாகூருக்குக் கடிதமாக எழுதினார். வேறு நண்பர்கள் வற்புறுத்தியதால் ஒரே ஒரு கருவிக்கு அமெரிக்கக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். கலீனா படிகத்தால் அலையை உணரும் அந்தக் கருவிக்கு 1904ல் காப்புரிமை கிடைத்தது. குறைகடத்திச் சாதனம் ஒன்றுக்கு வழங்கப்பட்ட மிகப் பழைய காப்புரிமைகளில் ஒன்று அது. அதிலும் அவர் வருமானம் தேடவில்லை.

பின்னர் போஸின் கவனம் தாவரங்கள் பக்கம் திரும்பியது. செடியின் நுண்ணிய வளர்ச்சியைப் பல்லாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கருவியை அமைத்தார். தாவர உணர்வு பற்றிய அவர் முடிவுகள் சில அன்று கடும் எதிர்ப்பைச் சந்தித்தன. பிரசிடென்சி கல்லூரியில் அவரிடம் பயின்ற மேக்நாத் சாகாவும் சத்யேந்திரநாத் போஸும் இயற்பியலில் உலகப் புகழ் பெற்றனர். 1917ல் சர் பட்டம் பெற்ற அவர், அதே ஆண்டு தம் பிறந்தநாளன்று கோல்கத்தாவில் போஸ் ஆய்வு நிலையத்தைத் திறந்தார். 1920ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

1937 நவம்பர் 23ஆம் தேதி, 79வது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருக்கையில், கிரிதியில் போஸ் காலமானார். அதே ஆண்டு ஜூலையில்தான் மார்க்கோனியும் மறைந்திருந்தார்.

கடைவீட்டிலும் வீவக வீட்டிலும்

தூரம் போகாது என்பது ஒருகாலத்தில் நுண்ணலையின் குறை. நெருக்கமான நகரத்தில் அதுவே நிறை.

வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். 5 கிகாஹெர்ட்ஸ் அலை ஏறத்தாழ 6 சென்டிமீட்டர். அலை குறுகக் குறைய தரவு செல்ல இடம் அதிகம், ஆனால் சுவர் பெருந்தடையாகிவிடும். லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகளில் முன்கடையில் நன்றாக வரும் வைஃபை, தடித்த செங்கல் சுவருக்கு அப்பால் உள்ள பின்கட்டில் தடுமாறுவது இதனால்தான். புதிய வீவக வீடுகளின் தஞ்ச அறைக்குள் சமிக்ஞை நலிந்துபோவதற்கும் கனத்த கான்கிரீட்டும் எஃகுக் கதவுமே காரணம். தீபாவளிச் சந்தைக் கூட்டத்தில் மனித உடல்களேகூட அலையை விழுங்கும். உடலில் பெரும்பகுதி நீர் அல்லவா!

இணையம் சரியாக வரவில்லை என்றால் கருவியின் சக்தியைக் கூட்டுவதே தீர்வு என்று பலர் நினைப்பதுண்டு. பெரிய அலுவலகங்களுக்குக் கம்பியில்லாக் கட்டமைப்பை வடிவமைக்கும் பொறியாளர்கள் பெரும்பாலும் வேறு வழியில் செல்கிறார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் பொதுவாக மூன்றுதான். எல்லாரும் உரக்கப் பேசினால் யார் பேச்சும் கேட்காது. எனவே ஒரே கருவியை ஓங்கி ஒலிக்கவிடாமல், குறைந்த சக்தியில் பல கருவிகளை இடமறிந்து வைக்கிறார்கள். அதற்கு முன் கட்டடம் முழுவதும் நடந்து, எந்தச் சுவர் எவ்வளவு தடுக்கிறது, எந்த மின்தூக்கிக் கதவு தெறிக்கவைக்கிறது என்று அளக்கிறார்கள். கண்ணாடி, கந்தகம், சணல் என்று பொருள்பொருளாக எடுத்து அலையை அனுப்பிப் பார்த்த போஸ் செய்ததும் இதைத்தான்: முதலில் அளப்பது, பிறகு முடிவு செய்வது.

அவர் தொட்ட 60 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை இன்று அதிவேகக் குறுந்தொலைவு இணைப்புகளுக்குப் பயன்படுகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜனே அந்த அலையை உறிஞ்சிவிடும். அதனால்தான் அது அடுத்தவர் இணைப்பில் தலையிடுவதில்லை.

2012ல் ஐஇஇஇ சங்கம், போஸின் 1894 முதல் 1896 வரையிலான சோதனைகளை உலகின் முதல் மில்லிமீட்டர் அலைத் தொடர்புச் சோதனைகளாக ஏற்று, மைல்கல் அங்கீகாரம் வழங்கியது. அவர் கையாண்ட கருவிகள் கோல்கத்தா போஸ் நிலையத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் லெம்பு ரோடு திறந்தவெளியில் பங்ளாதேஷ் ஊழியர்கள் கைப்பேசித் திரையில் தாயையும் பிள்ளையையும் பார்த்துப் பேசுகிறார்கள். கையிலிருக்கும் கருவிக்கும் அருகிலுள்ள ஆன்டெனாவுக்கும் இடையிலான சிறிய தூரத்தைத்தான் நுண்ணலை கடக்கிறது. மீதிப் பயணம் கம்பிவடத்தில். ஊரில் அந்த அழைப்பு சென்று சேரும் வீடுகளில் சில மைமென்சிங்கிலும் இருக்கக்கூடும்.