சங்கிலியை இழுத்தால் தண்ணீர் நிற்கும்!

கக்கூஸைப் பற்றி ஞாயிற்றுக்கிழமையில் எழுதுவதா என்று மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டாம். கக்கூஸ் தொட்டி விற்றே மன்னர் மாளிகைக்குள் நுழைந்த ஒருவரின் கதை இது. அவர் பெயர் தாமஸ் கிராப்பர்.

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில், தன் வீட்டுச் சின்னக் குளியல் அறையில் உள்ள பழைய பீங்கானையும் தொட்டியையும் மாற்ற நினைக்கும் ஒருவருக்கு, இந்த வெள்ளைக்காரரின் கதையில் வேண்டிய சேதி இருக்கிறது.

இங்கிலாந்தின் வட பகுதியில், யார்க்ஷயரில் தார்ன் என்ற ஊருக்குப் பக்கத்தில், 1836-ம் ஆண்டு கிராப்பர் பிறந்தார். தந்தை கப்பல் தொழிலாளி. பதினோரு வயதில் கால்நடையாகவே லண்டன் போய்ச் சேர்ந்தார் என்று ஒரு கதை உண்டு. அது வெறும் கட்டுக்கதை. லண்டனில் செல்சி பகுதியில் குழாய் வேலை செய்துவந்த அண்ணன் ஜார்ஜிடம், 1853-ல் தொழில் பழகச் சேர்ந்தார் என்பதே உண்மை.

நாறியது நதி

தண்ணீர் ஊற்றிக் கழுவும் கக்கூஸ் அப்போதே லண்டனில் பெருகியிருந்தது. ஆனால் கழுவிய தண்ணீர் எங்கே போவது? தேம்ஸ் நதிக்குத்தான்! 1858-ம் ஆண்டுக் கோடையில் நதி நாறிய நாற்றத்தில் பார்லிமெண்டு உறுப்பினர்கள் உட்கார முடியாமல் தவித்தார்கள். ஜன்னல் திரைகளைச் சுண்ணாம்பு மருந்தில் நனைத்துத் தொங்கவிட்டும் பலன் இல்லை. அதன் பிறகுதான் பாசல்ஜெட் என்ற பொறியாளர் நகரெங்கும் பெரிய பாதாளச் சாக்கடைகளைக் கட்டினார். அந்த நாற்றத்தைச் சுவாசித்த லண்டன்வாசிகளில் இளைஞர் கிராப்பரும் ஒருவர்.

1860-ல் உறவுப் பெண் மரியா கிரீனை மணந்தார். மறு ஆண்டே சொந்தமாகத் தொழில் தொடங்கினார். பித்தளை வார்க்கும் பட்டறையும் வைத்துக்கொண்டார். குளியல் அறைச் சாமான்களை வெளியில் பேசவே கூசிய காலத்தில், அவற்றைக் கடையில் பார்வைக்கு வைத்து விற்றார். துணிச்சல்காரர்தான்!

ஒழுகிய தொட்டி

அந்த நாளில் லண்டன் குழாய்களில் நாள் முழுவதும் தண்ணீர் வராது. தனியார் கம்பெனிகள் சில மணி நேரம்தான் விடும். நமக்குப் பழக்கமான சங்கதிதான்.

கக்கூஸ் தொட்டியின் அடியில் ஓர் அடைப்பான் இருக்கும். சங்கிலியை இழுத்தால் அது தூக்கிக்கொள்ளும். தண்ணீர் கொட்டும். நாளடைவில் அடைப்பான் தேய்ந்துபோகும். பிறகு இரவும் பகலும் சொட்டுச் சொட்டாக ஒழுகும். சில வீட்டார் இன்னும் ஒரு படி மேலே போய், சங்கிலியை இழுத்தே கட்டிவிட்டார்கள். கக்கூஸ் சுத்தமாக இருக்குமாம்! ஊர்த் தண்ணீர் முழுவதும் சாக்கடைக்குப் போனது.

1871-ல் வந்த சட்டத்தை ஒட்டிக் கடுமையான விதிகள் பிறந்தன. ஒரு தடவைக்கு இரண்டு காலன், அதாவது சுமார் ஒன்பது லிட்டருக்கு மேல் கொட்டக் கூடாது. தானாக நின்றுவிடும் தொட்டிதான் வைக்க வேண்டும்.

கிராப்பர் பெயர் வாங்கியது இந்தத் தொட்டியில்தான். அதற்குத் தண்ணீர் விரயத் தடுப்பான் என்றே பெயர். அடியில் அடைப்பான் கிடையாது. வளைந்த குழாய் ஒன்று உண்டு. சங்கிலியை இழுத்ததும் தண்ணீர் அந்த வளைவின் மேலே ஏறி மறுபக்கம் விழும். தொட்டி காலியானதும் காற்றுப் புகுந்து ஓட்டம் அறுந்துவிடும். சங்கிலியைக் கட்டி வைத்தாலும் பயன் இல்லை. தேய்ந்து ஒழுக அடியில் ஒன்றும் இல்லை.

கக்கூஸையே கிராப்பர்தான் கண்டுபிடித்தார் என்று பலர் எழுதிவிட்டார்கள். அது தவறு. எலிசபெத் ராணி காலத்திலேயே, 1596-ல், ஜான் ஹாரிங்டன் அதைச் செய்து காட்டினார். விரயத் தடுப்பானுக்கு 1898-ல் காப்புரிமை பெற்றவர்கூட ஆல்பர்ட் கிப்ளின் என்பவரே. கிராப்பருக்கு இருந்த ஒன்பது காப்புரிமைகள் இவற்றில் சேரா. நல்ல சரக்கைத் தேர்ந்து, ஒழுகாமல் பொருத்திக் கொடுத்ததே அவர் கெட்டிக்காரத்தனம்.

அதனால்தான் 1880-களில் இளவரசர் எட்வர்டின் சாண்டிரிங்காம் மாளிகையிலிருந்து அழைப்பு வந்தது. முப்பது கக்கூஸ்கள்! எல்லாவற்றுக்கும் தேவதாரு மரத்தில் இருக்கை! அரச முத்திரையும் கிடைத்தது.

நம் வீட்டுக்கு எது?

பிரிட்டனில் அடைப்பான் தொட்டியை மறுபடி அனுமதித்தது 2001-ல்தான். நம் கடைகளில் விற்கும் இரட்டைப் பொத்தான் தொட்டியில் இருப்பதும் அடைப்பான்தான். சிறிய பொத்தானுக்கு 3 லிட்டர், பெரியதற்கு 6 லிட்டர். பழைய தொட்டியோ ஒவ்வொரு தடவையும் 10 லிட்டர் கொட்டும். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு ஐந்து தடவை என்றால் 250 லிட்டர். அதையே நான்கு தடவை சிறிய பொத்தான், ஒரு தடவை பெரிய பொத்தான் என்று அழுத்தினால் 90 லிட்டர். மிச்சம் பத்துக் குடத்துக்கு மேல்! பாலாற்று மணலுக்கு அடியில் ஊறும் நீரை நம்பிய காஞ்சிப் பக்கத்துக்கு இது சின்னக் கணக்கு அல்ல.

ஆனால் அடைப்பானின் ரப்பர் தேய்ந்தால் அந்த மிச்சமும் போச்சு. தொட்டியில் கொஞ்சம் சொட்டு நீலம் விட்டு, அரை மணி நேரம் யாரும் பொத்தானைத் தொடாமல் இருங்கள். பீங்கானில் நீலம் இறங்கினால் ஒழுகுகிறது என்று அர்த்தம்.

தொட்டியை மட்டும் மாற்றுவதும் சரிப்படாது. 10 லிட்டருக்காகச் செய்த பழைய பீங்கான் 6 லிட்டரில் சுத்தமாகாது. இரண்டு தடவை அழுத்த வேண்டியதாகும். இரண்டையும் ஜோடியாக வாங்க வேண்டும். இடம் குறுகல் என்றால் கடைக்குப் போகுமுன் சுவரிலிருந்து கழிவுக் குழாயின் நடுப்பகுதி வரை அளந்துகொள்ளுங்கள். குழாய் தரையில் இறங்குகிறதா, சுவருக்குள் போகிறதா என்றும் பாருங்கள். கதவு உட்பக்கம் திறந்தால் பீங்கானில் இடிக்குமா என்பதையும் மறக்காதீர்கள்.

முழங்கால் வலி இல்லாத வீட்டில், சரிவு அதிகமுள்ள குந்தும் பீங்கானே போதும். இரண்டு லிட்டர் தண்ணீரைக் கையால் ஊற்றினால் சுத்தமாகிவிடும். தொட்டியும் வேண்டாம், அடைப்பானும் வேண்டாம். கிராப்பரே வந்தாலும் இதைவிடச் சிக்கனமாக ஒன்றைக் காட்டியிருக்க முடியாது.

அவர் 1904-ல் தொழிலை அண்ணன் மகனிடமும் பங்காளியிடமும் ஒப்படைத்து ஓய்வு பெற்றார். 1910 ஜனவரி 27-ல் காலமானார். கம்பெனி 1966-ல் கைமாறியது. மன்னர்கள் முடிசூடும் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலய வளாகத்தில், சாக்கடை மூடிகளில் அவர் பெயர் பொறித்திருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் அதன்மேல் காகிதத்தை வைத்துத் தேய்த்து, எழுத்துகளைப் படியெடுத்துக்கொண்டு போகிறார்கள்.