ஜோசப் ஹென்றி

வோல்ட்டா, ஆம்பியர், ஓம் என்னும் அறிஞர்தம் பெயர்கள் மின்சார நூலில் அளவைப் பெயர்களாய் நிலைத்துவிட்டன. ஹென்றி என்பதும் அவ்வரிசையைச் சேர்ந்ததே. நாழி, உழக்கு என்பார்போல ஹென்றி, மில்லிஹென்றி என்று பலரும் கூறுவர். அப்பெயர் பூண்டவர் யாரென வினவின் விடை கூறுவார் சிலரே. தமிழ் பயிலும் எமக்கு இவ்வாராய்ச்சி எதற்கென நண்பர் நகைத்தல் கூடும். சென்ற பருவத்தில் எம் விடுதித் தோழரொருவர் ரிலே ஒன்றை இயக்கப் புகுந்து, மூன்று டிரான்சிஸ்டர்களை ஒன்றன்பின் ஒன்றாய் இழந்தார். அதன் காரணத்தை அவருடன் தேடிச் சென்றவிடத்து யாம் கண்டது இப்பெருமகனார் வரலாறேயாம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில், நியூயார்க் மாநிலத்து ஆல்பனி நகரில், 1797-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17-ஆம் நாள் ஹென்றி பிறந்தார். ஸ்காத்துலாந்து வழிவந்த வறிய குடும்பம். தந்தையார் கூலிவேலையால் பிழைத்து, மகன் சிறுவனாயிருக்கும்போதே மறைந்தார். பாட்டியார் இல்லத்தில் வளர்ந்த சிறுவர், பின்னர்க் கடிகாரத் தொழிலாளி ஒருவரிடம் வேலை பழகினார். அக்காலத்தில் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது நாடக மேடையே. பதினாறு வயதளவில், வீட்டில் குடியிருந்த ஒருவருடைய விஞ்ஞானச் சொற்பொழிவு நூலொன்று தற்செயலாய்க் கைக்குக் கிட்டிற்று. நாடக ஆசை மெல்ல அகன்றது. 1819-இல் ஆல்பனி அகாடெமியிற் சம்பளமின்றிச் சேர்ந்து பயின்று, 1826-இல் ஆங்கேயே கணிதத்திற்கும் இயற்கைத் தத்துவத்திற்கும் பேராசிரியரானார்.

பகலெல்லாம் பாடம் சொல்லும் சுமை. பெரிய சோதனைகளுக்குக் கோடை விடுமுறையே வாய்த்தது. இங்கிலாந்தில் ஸ்டர்ஜன் என்பார் இரும்பின்மீது கம்பியை இடைவெளிவிட்டுச் சுற்றி மின்காந்தம் செய்திருந்தார். ஹென்றியோ கம்பிக்கே பட்டுநூலால் உறையிட்டு, அடுக்கடுக்காய் நெருங்கச் சுற்றினார். மனைவியாரின் பட்டாடை கிழிபட்டதென்று ஒரு கதையும் வழங்குகிறது. அதனை நம்ப யாம் துணியேம். 1831-இல் யேல் கல்லூரிக்கென அவர் அமைத்த காந்தம் 2000 ராத்தலுக்கு மேற்பட்ட பாரத்தைத் தாங்கிற்று.

இச்சோதனைகளினூடே அவர் ஒரு சிறு பொறியைக் கண்டார். குட்டையான கம்பியில் மின்னோட்டத்தை அறுத்தால் பொறி தோன்றுவது அரிது. நெடுங்கம்பியில் அறுத்தால் தெளிவாய்த் தோன்றும். அந்நெடுங்கம்பியையே சுருளாக்கின் இன்னும் வலிதாய்த் தெறிக்கும். மின்கலத்தில் இல்லாத இவ்வேகம் எங்கிருந்து வந்தது? சுருளில் ஓடும் மின்னோட்டம் தன்னைச் சூழக் காந்தப் புலம் எழுப்பி, அதில் ஆற்றலைச் சேமிக்கிறது. ஓட்டம் திடீரென அறுபடின் அப்புலம் ஒடுங்கி, ஓட்டத்தை முன்போலவே தொடரச் செய்ய முனையும் அழுத்தத்தைச் சுருளிலேயே பிறப்பிக்கிறது. அறுப்பு எத்துணை விரைவோ, அழுத்தமும் அத்துணைப் பெரிது. இதுவே தன்தூண்டல். 1832-இல் ஹென்றி இதனை வெளியிட்டார். ஒரு சுருளின் ஓட்டம் மற்றொரு சுருளில் மின்சாரம் பிறப்பித்தலையும் அவர் தாமாகவே கண்டிருந்தார். ஆயினும் பாரடே முன்னரே அச்சேற்றிவிட்டமையால் அப்பெருமை அவருக்கே உரித்தாயிற்று. ஹென்றியின் தாமதத்தை யாம் குறையென்றே எண்ணுகிறோம்.

அவ்வாண்டே பிரின்ஸ்டன் சென்ற ஹென்றி, 1835-ஐ ஒட்டி மாணாக்கர்முன் ஒரு வேடிக்கை நிகழ்த்தினார். தொலைவிலிருந்து வந்த நலிந்த மின்னோட்டம் ஒரு சிறு காந்தத்தை இயக்கிற்று. அச்சிறு காந்தம் பெருங்காந்தத்தின் மின்சுற்றை அறுத்தது. தாங்கப்பட்ட பாரம் தடாலென வீழ்ந்தது. ரிலேயின் தொடக்கம் இதுவே. அவர் காப்புரிமை எதனையும் வேண்டினாரில்லை. மோர்ஸ் தந்தியமைக்கையில், கேல் என்னும் பேராசிரியர் ஹென்றியின் கட்டுரை கொண்டே அவருக்கு வழிகாட்டினார். பின்னாளில் வழக்கெழ, 1849-இல் நீதிமன்ற அழைப்பினால் ஹென்றி சாட்சி கூறினார். மோர்ஸ் சினந்து 1855-இல் அவரை இகழ்ந்தெழுதினார். ஸ்மித்சோனியன் நிலையத்து ஆட்சிக்குழு ஆராய்ந்து ஹென்றி கூற்றே மெய்யென்றது.

ரிலேயைத் தந்தவரே அதனுள் உறையும் குறும்பையும் முன்னரே கண்டறிந்தார் என்பதுதான் எமக்கு வியப்பு. தோழர் ரிலேயில் நடந்தது அப்பழைய பொறியே. 12 வோல்ட்டுச் சுருளும் அறுபடுங்கணத்தில் சில நூறு வோல்ட்டுகளை எழுப்பவல்லது. இரும்புச் சுவிட்சாயின் முனை தீய்ந்து குழிபடும், டிரான்சிஸ்டராயின் உயிர்விடும். 1853-இல் பீஸோ என்னும் பிரெஞ்சு அறிஞர் தூண்டுசுருளின் அறுமுனைக்குக் குறுக்கே மின்தேக்கி இட்டுப் பொறியைத் தணித்தார். மாறுமின்னோட்டச் சுருள்களுக்கு மின்தேக்கியையும் தடையையும் சேர்த்திடுதல் இன்றும் வழக்கு. நேர்மின்னோட்டத்திற்கு ஒரு டையோடு போதும்: கோடிட்ட முனையை நேர்மின்பக்கம் வைத்துச் சுருளுக்கு இணையாய்க் கட்டுதல் வேண்டும். ரிலே இயங்குங்கால் அது வாளாவிருக்கும். அறுபட்டவுடன் ஓட்டம் அதன்வழிச் சுற்றிச் சுற்றி அடங்கும். ஆனால் ஓட்டம் மெல்ல அடங்குவதால் ரிலே விடுபடவும் தாமதமாகும். விரைவு வேண்டுவோர் டையோடுடன் சீனர் டையோடு ஒன்றையும் எதிர்த்திசையில் தொடுத்து, அழுத்தத்தைத் தீங்கற்ற அளவுவரை உயரவிடுவர்.

1846-இல் ஸ்மித்சோனியன் நிலையத்தின் முதற் செயலாளரான ஹென்றி, தந்திவழி வானிலைச் செய்தி திரட்டும் முறையை வளர்த்தார். 1865-இல் அங்கு மூண்ட தீயில் அவர்தம் கடிதங்கள் பல வெந்தன. 1878-ஆம் ஆண்டு மே 13-ஆம் நாள் வாஷிங்டனில் காலமானார். 1893-இல் சிக்காகோவில் கூடிய மின்னறிஞர் பேரவை தன்தூண்டலின் அளவைக்கு அவர் பெயரை இட்டது.

தோழர் நான்காவது டிரான்சிஸ்டரோடு டையோடு ஒன்றும் வாங்கிவந்து, முனை மாறாதபடி எம்மையும் பார்க்கச் சொல்லிப் பற்றவைத்தார். அது இன்னும் கருகவில்லை.