துடுப்பைக் கீழே வைத்த சார்ள்ஸ் ஸ்டட்

கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையில், தலவில் அன்னம்மாள் ஆலயத்துக்குச் சற்று அப்பால், தென்னந்தோப்பு முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் மாலை வேளைகளில் பையன்கள் பந்தாடுவார்கள். தென்னை மட்டைதான் துடுப்பு. கடலுக்குப் போகும் தந்தை வள்ளத்தைத் தள்ளுமுன் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை வரைந்துகொள்வார். துடுப்பெடுத்து நிற்க வரும் மகனும் அவ்வாறே செய்வான். இக்காட்சியைப் பல ஆண்டுகள் பார்த்துப் பழகிய எனக்கு, அதில் சிந்திக்க ஏதும் இருப்பதாகத் தோன்றியதில்லை.

அப்பகுதிப் பாடசாலை ஒன்றில் நான் தமிழ் கற்பித்துவந்தேன். இலக்கணம் கற்பிப்பவனுக்கு ஓய்வு மிகுதி என்று யாரோ எண்ணியிருக்கவேண்டும். கிரிக்கெட் அணியின் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. அணித்தலைவன் மீனவர் வீட்டுப் பிள்ளை, கத்தோலிக்கன், பக்தியுள்ளவன். ஆட்டம் தொடங்குமுன் பதினொருவரையும் வட்டமாக நிறுத்தித் தானே வேண்டுதல் சொல்வான். பையன்கள் அடங்கி ஒடுங்கி நிற்பதைக் கண்டு நான் மகிழ்ந்தேன். உறவினர் வீட்டில் தங்கிப் படித்த உடப்பு மாணவர் இருவர் கைகூப்பி நிற்பார்கள். எங்கள் சிறந்த வேகப்பந்து வீச்சாளன் ஒரு முஸ்லிம் சிறுவன். 1990-இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இக்கரைக்கு வந்து தங்கிய குடும்பம் ஒன்றின் பேரன். வேண்டுதல் நேரத்தில் அவன் மட்டும் எல்லைக் கோட்டருகே குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருப்பான். ஒரு பருவம் முழுவதும் அதைப் பார்த்தும் நான் உணரவில்லை. ஒருநாள் அவன் பயிற்சிக்கு வரவில்லை, மறுவாரமும் வரவில்லை. அப்போதுதான் அணித்தலைவன் என்னிடம் வந்து, தலைவனாய் இருப்பவன் மற்றவர்களுக்காக வேண்டுவது பிழையா என்று கேட்டான்.

என்னிடம் விடை இல்லை. ஆசிரியருக்கு விடை இல்லாதபோது புத்தகத்தின்பின் ஒளிந்துகொள்வது வழக்கம். நானும் அதையே செய்தேன். ஓய்வுபெற்ற நண்பர் ஒருவரின் அலமாரியில் நோர்மன் கிரப் 1933-இல் வெளியிட்ட சார்ள்ஸ் ஸ்டட்டின் வாழ்க்கை வரலாறு கிடந்தது. மாமனாரைப் பற்றி மருமகன் எழுதிய நூல். ஆகவே சில இடங்களில் கண்ணை மூடிக்கொண்டு செல்கிறது. இருந்தும் இரண்டு இரவுகளில் படித்து முடித்தேன். பிறகு வேறு நூல்களையும் தேடிப் படித்தேன்.

சார்ள்ஸ் தோமஸ் ஸ்டட் 1860 டிசம்பர் 2-ஆம் நாள் இங்கிலாந்தின் ஸ்பிராட்டன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை எட்வர்ட் ஸ்டட் பீகாரின் திர்ஹத் பகுதியில் அவுரித் தோட்டம் வைத்துப் பெருஞ்செல்வம் ஈட்டித் தாய்நாடு திரும்பியவர். குதிரைப் பந்தயமே அவருக்கு உயிர். 1866-இல் அவருடைய குதிரை சலமாண்டர் இங்கிலாந்தின் மிகப் பெரிய தாண்டு பந்தயத்தில் முதலிடம் பெற்றது. அத்தகைய மனிதர் 1875-இல் அமெரிக்கப் போதகர் டுவைட் மூடியின் உரையைக் கேட்டார், குதிரைகளை விற்றார், தம் மாளிகை மண்டபத்தில் அயலாரைக் கூட்டித் திருமறை படிக்கலானார். இரண்டாண்டுகளில் இறந்தும் போனார்.

அவருடைய மைந்தர்களுள் கைனஸ்டன், ஜோர்ஜ், சார்ள்ஸ் ஆகிய மூவரும் 1877-இல் ஒரே சமயத்தில் ஈட்டன் கல்லூரியின் கிரிக்கெட் அணியில் ஆடினர். ஒரு விடுமுறையில் அவர்கள் வீட்டுக்கு வந்த விருந்தினர் ஒருவர் மூவரையும் தனித்தனியே சந்தித்துச் சமயம் பேசினார். ஒரே நாளில், ஒருவர் அறியாமல் மற்றவர், மூவரும் தம்மைக் கிறிஸ்துவுக்கு ஒப்புக்கொடுத்தனர். கல்லூரி திரும்பியதும் மூவரும் சேர்ந்து மாணவரிடையே திருமறை வகுப்பு ஒன்றைத் தொடங்கினர். விளையாட்டில் புகழ்பெற்ற மாணவர் சமயத்திலும் முன்னிற்பது அக்காலத்து ஆங்கிலக் கல்லூரிகளில் புதுமையாகவே இருந்தது.

1879-இல் ஈட்டன் அணிக்குத் தலைவராய் இருந்த சார்ள்ஸ், அவ்வாண்டே கேம்பிரிட்ஜ் திரித்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவருடைய துடுப்பு பேசத் தொடங்கியது, நா அடங்கிவிட்டது. ஏறத்தாழ ஆறாண்டுகள் தம் நம்பிக்கையைப் பற்றி அவர் அணித் தோழரிடம் வாய் திறக்கவில்லை. இறைவனை மறுத்தார் அல்லர். தீய வழியில் சென்றாரும் அல்லர். புகழ் அவரை நிறைத்திருந்தது, வேறொன்றுக்கு இடமில்லை. இந்தப் பகுதியைப் படித்தபோதுதான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நெடுநேரம் இருந்தேன்.

1882-ஆம் ஆண்டு அவருடைய ஆண்டு. இங்கிலாந்துக்கு வந்திருந்த அவுஸ்திரேலிய அணியைக் கேம்பிரிட்ஜ் மாணவர் தோற்கடித்தனர். சார்ள்ஸ் 118 ஓட்டங்கள் பெற்றார். அப்பருவத்தில் ஆயிரம் ஓட்டங்களும் நூறு விக்கெட்டுகளும் அவருக்குக் கிட்டின. மறு பருவத்திலும் அவ்வாறே. வயது இருபத்திரண்டுகூட நிரம்பவில்லை. ஆனால் உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது அவர் ஒன்றும் செய்யாத ஒரு மாலையை முன்னிட்டேயாகும். அவ்வாண்டு ஓகஸ்ட் 29-ஆம் நாள் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்து வெல்வதற்கு வேண்டியிருந்தவை 85 ஓட்டங்கள். ஸ்பொஃபோர்த்தின் பந்துக்கு விக்கெட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாய் வீழ்ந்தன. நாட்டின் சிறந்த துடுப்பாட்ட வீரருள் ஒருவரான சார்ள்ஸ் பத்தாவது ஆளாகவே அனுப்பப்பட்டார். மறுமுனையில் நின்ற பீட், எதிரே நிற்பவர் யார் என்பதை மறந்து துடுப்பை வீசி ஆட்டமிழந்தார். இங்கிலாந்து 77 ஓட்டங்களோடு முடிந்தது. ஏழு ஓட்டங்களால் தோல்வி. சார்ள்ஸ் ஒரு பந்தையும் சந்திக்காமல் திரும்பி நடந்தார். ஆங்கிலக் கிரிக்கெட் இறந்துவிட்டதென்றும் அதன் சாம்பல் அவுஸ்திரேலியாவுக்குப் போகுமென்றும் ஒரு பத்திரிகை பரிகாசமாய் மரண அறிவித்தல் போட்டது. சாம்பற் கிண்ணப் போட்டிகள் என்று இன்று வழங்கும் பெயர் அங்கிருந்து வந்ததே.

அச்சாம்பலை மீட்டுவர ஐவோ பிளை என்பவர் தலைமையில் ஓர் அணி புறப்பட்டது. ஜோர்ஜும் சார்ள்ஸும் அதில் இருந்தனர். வழியில் 1882 ஒக்டோபரில் அவர்கள் கொழும்பில் இறங்கி உள்ளூரார் பதினெண்மர் கொண்ட அணியோடு ஆடினர். இலங்கை மண்ணில் ஆடிய முதல் ஆங்கில அணி அதுவே. கொழும்பை விட்டு அகன்றபின் அவர்களின் பெஷாவர் என்னும் கப்பல் கிளென்றோய் என்ற பாய்க்கப்பலோடு மோதியது. பந்துவீச்சாளர் மோர்லியின் விலா எலும்பு முறிந்தது; பழுது பார்க்கக் கப்பல் கொழும்புக்கே திரும்பவேண்டியதாயிற்று. சாவு அத்தனை அருகில் வந்து போயும் சார்ள்ஸின் மௌனம் கலைந்ததாகத் தெரியவில்லை.

மௌனம் கலைந்தது வேறிடத்தில், கலைத்தவர் வேறொருவர். மூவருள் மூத்தவராகிய கைனஸ்டன் சிறிது காலம் வணிகத்தில் இருந்துவிட்டுத் தம்பியருக்குப் பின்னரே கேம்பிரிட்ஜுக்கு வந்தவர். ஜோர்ஜ் 1882-இலும், சார்ள்ஸ் 1883-இலும், கைனஸ்டன் 1884-இலும் பல்கலைக்கழக அணிக்குத் தலைமை தாங்கினர். மூன்று உடன்பிறந்தார் மூன்று தொடராண்டுகளில் இப்பதவி வகித்தது பெரும் வியப்பாகப் பேசப்பட்டது. மூவருள் ஆட்டத்தில் குறைந்தவர் கைனஸ்டன்தான். ஆனால் மாணவர் கிறிஸ்தவச் சங்கத்தை முன்னின்று நடத்தியவரும் அவரே.

தம்பியர் இருவரும் கடலில் இருந்த 1882 நவம்பரில், கைனஸ்டன் மூடியைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்தார். பள்ளிப் படிப்புக் குறைந்த, செருப்புக் கடையில் வேலை பார்த்த அமெரிக்கர். கேட்க வந்தோரோ பிரபுக்களின் பிள்ளைகள். முதல் இரவில் பாட்டுக்குக் கைதட்டிக் கேலி செய்தனர். அவருடைய உச்சரிப்பைப் பின்பற்றிக் கூவினர். அழைத்தவர் என்ற முறையில் அந்த அவமானத்தில் கைனஸ்டனுக்கும் பங்கு உண்டு. அவர் அசையாமல் இருந்தார். ஒரு வாரத்துக்குள் மண்டபத்தின் போக்கே மாறிற்று. கேலிக்கு முன்னின்ற ஜெரால்ட் லாண்டர் என்ற மாணவர் நேரில் சென்று மன்னிப்புக் கேட்டார். பிற்காலத்தில் அவர் ஹொங்கொங்கில் ஆயராக இருந்தார்.

இதில் நான் கவனித்தது ஒன்று. கைனஸ்டன் தம் அணியினரை ஆடைமாற்றும் அறையில் நிறுத்தி வேண்டச் சொல்லவில்லை. ஊருக்குள் ஒரு மண்டபம் எடுத்தார். அறைகள்தோறும் அழைப்பு அனுப்பினார். வர விரும்பியவர் வந்தனர், சிரிக்க விரும்பியவர் வந்து சிரித்தனர், வராதவர் வரவில்லை. வராதவர் எவரும் அணியில் இடம் இழக்கவில்லை.

சார்ள்ஸின் திருப்பம் 1883 கடைசியில் ஜோர்ஜ் கடும் நோயுற்றுக் கிடந்தபோது நேர்ந்தது. தம்பி அண்ணனின் படுக்கையருகே இருந்தார். சாகும் மனிதனுக்குப் புகழ் எதற்கு, கிரிக்கெட் எதற்கு என்ற எண்ணம் அங்கே அவரைப் பிடித்துக்கொண்டது. ஜோர்ஜ் பிழைத்து 1945 வரை வாழ்ந்தார். சார்ள்ஸ் மூடியின் கூட்டங்களுக்குத் தாமே சென்றதோடு, தம்மோடு ஆடிய தோழர் சிலரையும் அழைத்துச் சென்றார். ஆறாண்டு தாமதமாய்ச் செய்த அந்த வேலையில் அவர் கண்ட மகிழ்ச்சி, சதங்களில் கண்டதைவிடப் பெரிது என்று அவரை அறிந்தோர் எழுதியிருக்கின்றனர்.

1885 பெப்ரவரி 5-ஆம் நாள் எழுவர் சீனாவுக்குக் கப்பலேறினர். கேம்பிரிட்ஜ் எழுவர் என்று பேர்பெற்ற அக்குழுவில் சார்ள்ஸ் ஒருவர்; பல்கலைக்கழகப் படகோட்ட அணியில் முதன்மைத் துடுப்பு வலித்த ஸ்டான்லி ஸ்மித் மற்றொருவர். இங்கிலாந்து அணியில் இடம் உறுதியாயிருந்த இருபத்து நான்கு வயது இளைஞர் அதை விட்டுப் போனது பத்திரிகைகளுக்கு விளங்கவில்லை. இருபத்தைந்தாம் வயதில் தந்தைவழிச் சொத்து ஏறத்தாழ 29,000 பவுண் அவர் கைக்கு வந்தது. அக்காலத்தில் அது ஒரு சிற்றரசரின் செல்வம். மூடிக்கு, பிறிஸ்டலில் அநாதைகளைப் பேணிய ஜோர்ஜ் முல்லருக்கு, இரட்சணிய சேனைக்கு என்று பங்கிட்டுக் கொடுத்தார். 1888-இல் சீனாவில் பிரிசில்லா ஸ்டுவர்ட்டை மணந்தபோது எஞ்சியிருந்ததை மணப்பெண்ணிடம் அளித்தார். அந்த அம்மையார் அதையும் கொடுத்துவிட்டார். நால்வர் பெண்மக்கள் பிறந்தனர். 1894-இல் உடல்நலம் குன்றி நாடு திரும்பினார்கள்.

தமிழ்நாட்டார் அறிந்திருக்கவேண்டிய பகுதி இதன்பின் வருகிறது. 1900 முதல் 1906 வரை அவர் நீலகிரியில் உதகமண்டலத்துத் திருச்சபை ஒன்றின் போதகராய் இருந்தார். படைவீரரும் தோட்டத்துரைமாரும் நிறைந்த மலையூர். துடுப்பை மீண்டும் எடுத்தார். பகலில் படைவீரரோடு ஆடி மாலையில் அவர்களுக்குப் போதித்தார். நாற்பது வயதைத் தாண்டி, ஈளைநோய் மார்பை அடைக்க ஆடிய அந்த ஆட்டங்களே அவர் வாழ்வில் எனக்கு மிகவும் பிடித்தவை. தலைவர் பதவி இல்லை, சாம்பல் இல்லை, கூட்டம் இல்லை.

கொங்கோவைப் பற்றி வேகமாய்ச் சொல்லிவிடுகிறேன். மருத்துவர் தடுத்தும் 1910-இல் ஆபிரிக்கா சென்றார். 1913-இல் ஆல்பிரட் பக்ஸ்டன் என்ற இளைஞரோடு பெல்ஜியக் கொங்கோவில் பணி தொடங்கினார். 1916-க்குப் பின் இங்கிலாந்து திரும்பவேயில்லை. நோயுற்ற மனைவி இங்கிலாந்திலிருந்து பணியைத் தாங்கினார். 1928-இல் ஒருமுறை சில நாள்கள் மட்டும் கணவரை வந்து பார்த்தார். மறு ஆண்டு இறந்தார். பதினெட்டு மணிநேரம் உழைத்த அந்தக் கிழவர் தம் அளவுக்கு உழைக்காதவரைப் பொறுக்கவில்லை. உடன் வந்த பணியாளர் பலர் விலகினர். மருமகனாகிவிட்ட பக்ஸ்டனும் விலக்கப்பட்டார். வலி தாங்க மோர்பியா எடுத்ததும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. கடைசியில் தாய்நாட்டுக் குழுவினரே அவரைத் தலைமையிலிருந்து நீக்கினர். 1931 ஜூலை 16-ஆம் நாள் இபாம்பியில் காலமானார். பல்லாயிரம் கொங்கோ மக்கள் அவர்மேல் கொண்ட அன்பும் மெய். அவர் தம் சொந்த அணியை உடைத்ததும் மெய். ஆறாண்டு பேசாதிருந்தவர் பின்னர் எவரையும் பேசவிடாதவராய் ஆனார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பக்தியுள்ள நண்பர்கள் இதற்காக என்னைக் கடிந்துகொள்ளலாம்.

கைனஸ்டனோ இலண்டனில் தொழில் கற்கும் ஏழை இளைஞருக்கான நிறுவனத்துக்கு உழைத்து, 1928-இல் அந்நகர முதல்வரானார். அதற்கு நெடுநாள் முன், 1885-இல் அமெரிக்கக் கல்லூரிகளுக்குச் சென்று மாணவரிடம் பேசினார். 1886 தொடக்கத்தில் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் அவர் பேச்சைத் தாமதமாய் வந்து கேட்ட மாணவர் ஜோன் மொட். உலகெங்கும் மாணவர் கிறிஸ்தவ இயக்கங்களை அமைத்து, 1895-இல் தொடங்கிய பயணத்தில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து, 1946-இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்றவர் அவரே.

அணித்தலைவனிடம் சார்ள்ஸைப் பற்றிக் கொஞ்சமும் கைனஸ்டனைப் பற்றி அதிகமும் சொன்னேன். மண்டபக் கதையை அவன் இரண்டுமுறை கேட்டான். சொத்தைக் கொடுத்த கதை அவனைக் கவரவில்லை. ஓவல் மைதானத்தில் பீட் செய்த பிழைக்காக மட்டும் மிகவும் கோபித்துக்கொண்டான். மறுநாள் பாடசாலை விட்டதும் துவிச்சக்கரவண்டியில் தனியே பந்துவீச்சாளனின் வீட்டுக்குப் போனான். அங்கே என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. அடுத்த போட்டி நாளில், ஆட்டத்துக்கு அரைமணி முன்னதாக, விரும்பியவர் நால்வரோடு அவன் வேலியோரத் தென்னைகளின் அடியில் நின்று வேண்டினான். உடப்பு மாணவர் இருவரும் தங்கள்பாட்டில் திருநீறு பூசிக்கொண்டார்கள். பிறகு பதினொருவரும் வட்டமாய்க் கூடியபோது பேசப்பட்டது காற்று எந்தத் திசையிலிருந்து அடிக்கிறது என்பதும், எந்த முனையிலிருந்து யார் பந்துவீசுவது என்பதும்தான். தென்மேற்குக் காற்று பலமாக இருந்ததால், கடற்பக்க முனையை அந்த முஸ்லிம் சிறுவன் கேட்டு வாங்கிக்கொண்டான்.