லூல்கந்துரத்து ஜேம்ஸ் டெயிலர்

கண்டி மாநகரின் தென்கிழக்கே, ஹேவாஹெட்ட மலைச்சாரலில் லூல்கந்துர என்னுந் தோட்டம் அமைந்துள்ளது. இலங்கைத் தேயிலைத் தொழிலின் பிறப்பிடம் அதுவே. அதனைத் தோற்றுவித்த ஜேம்ஸ் டெயிலரைத் தேயிலை பயிரிட்டவராக அறிந்தோர் பலர். பொறி அமைத்து உற்பத்திச் செலவைக் குறைக்க முயன்றவராக அறிந்தோர் சிலரே. பொறியியலும் வணிகவியலும் பயிலும் நம் கல்லூரி இளைஞர்க்கு அவ்விரண்டாம் பகுதியே பெரிதும் பயன்தருவதாகும்.

டெயிலர் 1835ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்தில் பிறந்தார். இருபது வயதும் நிரம்பாத இளைஞராய் 1852இல் கோப்பித் தோட்டப் பணிக்காக இலங்கை வந்தார். அதன்பின் தாய்நாடு திரும்பினாரல்லர். 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை நட்டார். ஈராண்டில் கோப்பி இலைகளைத் தாக்கிய நோய் பரவத் தொடங்கிற்று. கோப்பியை நம்பியிருந்தோர் நாளடைவில் நிலைகுலைய, டெயிலரின் சிறுதோட்டமே வழிகாட்டியாய் நின்றது.

ஆயினும், செடி வளர்ந்தாற் போதுமா? விற்கும் விலைக்குள் செய்து முடிக்க இயலுமா என்பதே வினா. ஓர் இறாத்தல் தேயிலைக்கு நான்கு இறாத்தலுக்கு மேற்பட்ட பச்சைக் கொழுந்து வேண்டும். அதனைப் பறித்து, வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்த வேண்டும். தொடக்கத்தில் டெயிலரது பங்களாத் திண்ணையே ஆலை. மேசைமேல் கொழுந்தைத் தொழிலாளர் கையால் உருட்டினர். களிமண் அடுப்பில் கரிநெருப்பால் உலர்த்தினர். இறாத்தல் கூடுந்தோறும் கைக்கூலியும் கூடவே கூடியது.

1872இல் டெயிலர் ஆலையொன்று அமைத்து, நீர்ச்சக்கரத்தால் இயங்கும் உருட்டு பொறியையும் நிறுவினார். இங்கே கணக்கின் இயல்பே மாறுகின்றது. எடுத்துக்காட்டாக, ஆயிரம் ரூபாய்ப் பொறி பத்தாண்டு உழைக்குமாயின், ஆண்டுக்கு நூறு ரூபாய் தேய்மானம். ஆண்டில் ஆயிரம் இறாத்தல் செய்தால் இறாத்தலொன்றுக்குப் பத்துச் சதம். பதினாயிரம் செய்தால் ஒரு சதமே. ஆதலின் பொறி வாங்குவோன் முதலில் மதிப்பிட வேண்டியது பொறியின் விலையையன்று. அதற்கு இடும் வேலையின் அளவையே.

1873இல் இலண்டனுக்குச் சென்ற இலங்கைத் தேயிலை 23 இறாத்தல். 1890இல் இத்தீவின் உற்பத்தி ஏறக்குறைய 22,900 தொன். அசாமில் வில்லியம் ஜாக்சன் முதலியோர் ஆக்கிய பொறிகளும் பரவின. 1872இல் இறாத்தலுக்குப் பதினொரு பென்சாக இருந்த உற்பத்திச் செலவு, 1913 அளவில் மூன்று பென்சுக்குள் அடங்கியது.

எனினும் அக்கணக்கில் ஏறாத ஒன்று உண்டு. கோப்பி பருவத்துப் பயிர். பறிப்புக் காலம் முடிந்ததும் தொழிலாளர் பலர் தமிழகம் மீள்வர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. ஆகவே நம் தமிழ் மக்கள் குடும்பத்தோடு லயங்களில் நிலைத்தனர். அவர்தம் உழைப்பு நாட்கூலி என ஒருவரியில் எழுதப்பட்டது. பனியும் நோயும் பிரிவும் எவ்வரியிலும் எழுதப்படவில்லை.

டெயிலரும் இறுதியில் அத்தகைய கணக்குக்கே ஆளானார். நாற்பதாண்டு உழைத்த அவரைப் பணியினின்று நீங்குமாறு தோட்ட உரிமையாளர் பணித்தனர். தாம் ஆக்கிய இடத்தை விட்டகல அவர் இசைந்திலர். 1892ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள், வயிற்றளைச்சலால் அங்கேயே உயிர் நீத்தார். பருத்த அவ்வுடலைத் தொழிலாளர் முறைமாறித் தோளிற் சுமந்து, கண்டி மஹையாவ மயானத்திற் சேர்த்தனர். அச்சுமைக்குக் கூலிக்கணக்கு எழுதினார் யார்?

செலவை நுணுகி மதிப்பிடுதல் சிறந்த கல்வியே. அஃதின்றி எத்தொழிலும் நில்லாது. ஆயின், கூட்டுத்தொகை எழுதுமுன், விடுபட்டது யாது என ஒருகணம் எண்ணிப் பார்த்தல் கற்றோர் கடன். லூல்கந்துரத்து வாழ்வு நமக்கு உணர்த்துவது இதுவே.